போகிக் காலையை வெட்டிவிடாதே

அன்புள்ள தம்பிக்கு,

காற்று மாசு உணரிகளை மாட்டி முடித்த கையோடு, ஏடாகூடமான எண்களைத் தானாக நீக்க நிரல் எழுதிவிட்டதாகச் சொல்லியிருந்தாய். அதைக் கொஞ்சம் நிறுத்தி வை.

உன் பெட்டிக்குள் இருக்கும் மலிவு உணரி தூசியை எடை போடுவதில்லை. துகளில் பட்டுச் சிதறும் லேசர் ஒளியைப் பார்த்து எடையை ஊகிக்கிறது. காற்றில் ஈரம் ஏறினால் துகள் நீரை உறிஞ்சி ஊதும். ஒளி கூடுதலாகச் சிதறும். உணரி அதையும் மாசு என்றே கணக்கில் வைக்கும். சென்னை போன்ற கடலோர ஊரில், மார்கழி விடியலில், இந்த ஏமாற்று அதிகம். மார்கழியின் கடைசி விடியல்தான் போகி. பாயும் டயரும் எரியும். 2018 போகியன்று புகையும் பனியும் சேர்ந்து சென்னை விமானங்களையே தடுமாற வைத்தன. அப்படிப்பட்ட காலையில் எண் எகிறினால் புகை எவ்வளவு, ஈரம் எவ்வளவு? உன் நிரல் இதையெல்லாம் கேட்காது, வெட்டிவிடும். எந்த நாளை அளக்கவென்று பெட்டி மாட்டினோமோ அந்த நாளே அட்டவணையில் காலியாகும். தீபாவளி இரவுக்கும் அதே கதிதான்.

எனவே நீக்காதே, சந்தேகக் குறி மட்டும் போடு. பக்கத்துத் தெரு உணரிகளும் ஏறினவா என்று பார். ஒன்று மட்டும் ஏறியிருந்தால் அங்கே குப்பை எரிந்திருக்கலாம், உள்ளே சிலந்தியும் குடியேறியிருக்கலாம். வெளியில் மாட்டும் பர்ப்பிள்ஏர் நிறுவனப் பெட்டியில் ஒரே மாதிரி உணரிகள் இரண்டு இருக்கும். இரண்டும் முரண்பட்டால் கோளாறு தெரிந்துவிடும். ஈரமோ இரண்டையும் ஒன்றாகவே ஏமாற்றும்.

அதற்குத்தான் திருத்தம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பர்ப்பிள்ஏருக்கு வகுத்த சூத்திரம், உணரி எண்ணை 0.524 ஆல் பெருக்கி, ஈரப்பதத்துக்கு ஏற்பக் கழித்து, 5.75 கூட்டுகிறது. அது அந்த நாட்டுக் காற்றில் ஒப்பிட்டுக் கண்டது. இங்கே அப்படியே எடுத்து ஒட்டுவது சோம்பேறித்தனம் என்பேன். திருத்திய எண் தனிப் பத்தியில் இருக்கட்டும், எந்தச் சூத்திரம், எந்தத் தேதி முதல் என்ற குறிப்போடு. மூல எண்ணில் கை வைக்காதே.

மின்வெட்டில் விடுபட்ட மணிகளைப் பூஜ்யத்தால் நிரப்பாதே. நுண்துகளின் (PM2.5) 24 மணி நேரச் சராசரி, நம் நாட்டு வரம்பான கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராமுக்குக் கீழே பொய்யாக இறங்கிவிடும். கடிகாரத்தையும் பார்த்துக்கொள். கிரீன்விச் நேரத்தில் பதிவானால் காலை 8 மணி நெரிசல் 2.30க்குப் போய் நிற்கும்.

நம் காற்றுக்கான திருத்தத்தை ஒப்பிட்டுக் காண, இரண்டு பெட்டிகளையாவது மாசுக் கட்டுப்பாட்டு வாரிய நிலையத்தின் பக்கத்தில் மாட்டு. ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் அங்கேயே கிடக்கட்டும். அனுமதிக்கு இப்போதே மனு கொடு, கையெழுத்தாகி வர நாளாகும்.

அன்புடன்,
அண்ணன்