தாடை மாறினால் குணம் மாறுமா?

"அகத்தின் அழகு முகத்தில் தெரியும்" என்ற பழமொழி எல்லாருக்கும் தெரியும். எனக்கு இதில் பாதி சம்மதம்தான். கோபமும் சோகமும் முகத்தில் தெரியும், சரி. எலும்பில் குணம் தெரியுமா?

நமது மேல்தாடை மண்டை ஓட்டோடு சேர்ந்து அசையாமல் இருக்கும். கீழ்த்தாடை மட்டும்தான் அசையும். சிலருக்கு அது அதிகமாக வளர்ந்து முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். சிலருக்கு உள்ளே போய் மேல்பல் எடுப்பாகத் தெரியும். பெரும்பாலும் பரம்பரைதான் காரணம். ஆனால் நாம என்ன சொல்றோம்? முதல் ஆளை "திமிரு பிடிச்சவ, முறைக்கிறா" என்கிறோம். இரண்டாவது ஆளை "பயந்தாங்கொள்ளி" என்கிறோம்.

அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லிஸ், டோடொரோவ் இருவரும் 2006இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். முன்பின் தெரியாத முகங்களை ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் காட்டினார்கள். அதற்குள்ளேயே 'இவரை நம்பலாம், இவரை நம்பக்கூடாது' என்று பார்த்தவர்கள் முடிவு செய்துவிட்டார்களாம்! கூடுதல் நேரம் கொடுத்தும் முடிவு அவ்வளவாக மாறவில்லை. நான் சொன்னதுதான் சரி என்ற நினைப்பு மட்டும் கூடியது.

1876இல் இத்தாலி டாக்டர் லொம்ப்ரோசோ, பெரிய தாடை பிறவிக் குற்றவாளியின் அடையாளம் என்று புத்தகமே போட்டார். இங்கிலாந்து சிறை டாக்டர் சார்லஸ் கோரிங் சுமார் 3000 கைதிகளை அளந்து பார்த்து, அப்படி ஒரு தனி முகமே கிடையாது என்று 1913இல் எழுதினார். அவ்வளவு தூரம் ஏன்? நம்ம சினிமா வில்லன் நம்பியார் நிஜத்தில் சபரிமலை குருசாமி. எங்க பாட்டி டிவியில் அவரைப் பார்த்தால் இன்னமும் திட்டும்.

எங்க தெருவில் ஒரு அக்காவுக்குக் கீழ்த்தாடை நீளம். முன்பல்லால் முறுக்கு கூட கடிக்க முடியாது. அதற்காகத்தான் ஆபரேஷன் செய்தார்கள். முதலில் பல்லுக்குக் கிளிப். பிறகு மயக்க மருந்து கொடுத்து, வாய்க்குள்ளேயே எலும்பை வெட்டி நகர்த்தி, டைட்டானியம் தகடும் ஸ்க்ரூவும் வைப்பார்கள். வெளியே தழும்பு தெரியாது. ஆனால் முகம் வீங்கும், உதடு மரத்துப்போகும், சில வாரம் கஞ்சிதான். சும்மா அழகுக்காக யாரும் ஓடிப்போய்ப் படுத்துக்கொள்கிற விஷயம் இல்லை.

இப்போது தெருவில் எல்லாரும் "பொண்ணு எவ்ளோ சாந்தமா ஆயிடுச்சு" என்கிறார்கள். அந்த அக்கா முன்னாடியும் எங்களுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தாங்க, ஒரு அடி அடித்ததில்லை. அப்போது "சிடுமூஞ்சி" என்று சொன்னவர்களும் இவர்களேதான். எலும்பு நகர்ந்தது சில மில்லிமீட்டர்!

இந்த ஆபரேஷனைத் தாடை வளர்ச்சி நின்ற பிறகுதான் செய்வார்கள், பெரும்பாலும் 16, 18 வயதுக்கு மேல். நம்ம வயதில் சில பேருக்குக் கிளிப்பிலேயே சரியாகிவிடும். மெல்லக் கஷ்டப்படுகிறவர்கள் இப்போதே காட்டுவது நல்லது. சென்னை கோட்டை ரயில் நிலையம் எதிரில் 1953இல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

– 9ஆம் வகுப்பு மாணவி, கோவளம்