மல்லாட்டைக்கு எது, சாமைக்கு எது?

செங்கம் பக்கம் மல்லாட்டை விதைக்கப் போகிறவர், உரக்கடையில் "உயிர் உரம் ரெண்டு பாக்கெட் கொடுங்க" என்று பொதுவாகக் கேட்கக் கூடாது. ரைசோபியமும் அசோஸ்பைரில்லமும் ஒரே மாதிரி 200 கிராம் பாக்கெட்டில்தான் வரும். வேலை வேறு வேறு.

மல்லாட்டைக்கு ரைசோபியம். அதிலும் நிலக்கடலைக்கு என்று அச்சிட்டிருக்க வேண்டும். சோயாவுக்கென்று தயாரித்தது இதற்கு உதவாது. இந்தப் பாக்டீரியா வேரில் முடிச்சு போட்டு, காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கும். ஆனால் வாங்குவதற்கு முன்னால் ஒரு சோதனை இருக்கிறது. போன பட்டத்தில் செய்திருந்தால் இந்தப் பட்டத்துக்குப் பதில் கையிலிருக்கும். விதைத்த 30, 35 நாளில், கொல்லை ஈரமாக இருக்கும்போது நாலைந்து செடிகளை மண்வெட்டியால் தோண்டி எடுங்கள். பிடுங்கினால் முடிச்செல்லாம் அறுந்து மண்ணிலேயே நின்றுவிடும். வேரைத் தண்ணீரில் அலசி, ஒரு முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே ரத்தச் சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. நம் ரத்தத்தைச் சிவப்பாக்கும் ஹீமோகுளோபினுக்கு உறவான ஒரு பொருள்தான் அந்த நிறம். வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் முடிச்சு இருந்தும் பயனில்லை.

பல வருடமாக மல்லாட்டையே போட்ட கொல்லையில், எதுவும் கலக்காமலே சிவந்த முடிச்சு கொத்துக் கொத்தாக இருப்பதுண்டு. அங்கே ரைசோபியத்துக்குச் செலவிடும் காசை ஜிப்சத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. முடிச்சு குறைவென்றால் ரைசோபியம் அவசியம். கூடவே யூரியாவையும் குறைக்க வேண்டும். தழைச்சத்து தாராளமாகக் கிடைத்தால் செடி முடிச்சு வைக்க மெனக்கெடாது.

ஜவ்வாது மலைமேல் சாமை, தினை போடுகிறவர்களுக்கு ரைசோபியம் வீண். அவற்றுக்கு அசோஸ்பைரில்லம். எழுபதுகளில் பிரேசிலில் ஜொஹன்னா டோபரைனர் செய்த ஆராய்ச்சிகளால் உலகம் முழுக்கக் கவனம் பெற்ற பாக்டீரியா இது. முடிச்சு போடாது, வேரை ஒட்டி வாழ்ந்து கொஞ்சம் தழைச்சத்து தரும், வேரைக் கிளைவிடவும் வைக்கும். மேல்மண் மெலிந்த சரிவு நிலத்தில் அந்த வேர்தான் பெரிய லாபம். நெல்லுக்கும் இதுவே.

பாஸ்போபாக்டீரியா மணிச்சத்தை உண்டாக்காது, மண்ணில் கட்டுண்டு கிடப்பதைக் கரைத்துத் தரும். ஆண்டுதோறும் டிஏபி போட்டு வந்த நிலத்தில் அப்படிக் கிடப்பது நிறைய இருக்கும், அங்கே வாங்கலாம். அசோஸ்பைரில்லமும் இதுவும் சேர்ந்ததுதான் அசோபாஸ். சூடோமோனாஸை வேரழுகலுக்குக் காவலாக வையுங்கள், கிலோ விதைக்கு 10 கிராம்.

தூளா, திரவமா? உரக்கட்டுப்பாட்டு ஆணைப்படி தூளில் கிராமுக்கு 5 கோடி, திரவத்தில் மில்லிக்கு 10 கோடி உயிருள்ள பாக்டீரியா இருக்க வேண்டும். சொட்டுநீர் இருப்பவர்களுக்குத் திரவம் வசதி, நாளும் தாங்கும். மானாவாரிக்குத் தூள் போதும், ஆனால் தயாரித்து ஆறு மாதத்துக்குள் இருக்க வேண்டும். தகரக் கொட்டகையில் சித்திரை வெயிலைத் தாண்டிய பாக்கெட் தேதிக்குள் இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

ஆறின கஞ்சியில் தூளைக் குழைத்து விதையோடு புரட்ட வேண்டும். மல்லாட்டைப் பருப்பின் தோல் சட்டென்று உரியும், அழுத்தித் தேய்க்காதீர்கள். சாக்கில் பரப்பி நிழலில் உலர்த்தி அன்றே விதையுங்கள். பூஞ்சாண மருந்து கலப்பதானால் அதை ஒரு நாள் முன்பே முடித்துவிட வேண்டும், ரைசோபியம் கடைசியில்தான்.

கொல்லை நடுவில் நாலு சால் மட்டும் கலக்காத விதையைப் போடுங்கள். பக்கத்து நாலு சாலிலிருந்து வரும் காயையும் அந்த நாலு சால் காயையும் தனித்தனியாக எடை போட்டால், அடுத்த பட்டத்துக்கு வாங்குவதா வேண்டாமா என்று கடைக்காரரைக் கேட்க வேண்டியிருக்காது.