மழைக்காலமும் இஸ்திரிப் பெட்டியும்

நம் தீவுகளில் ஆண்டுக்குச் சுமார் 3000 மி.மீ. மழை பெய்கிறது. கொடியில் மூன்று நாள் தொங்கியும் காயாத பள்ளிச் சீருடையை இஸ்திரிப் பெட்டிதான் ஒருவழியாகக் காயவைத்துத் தருகிறது. அந்தப் பெட்டியைக் கெடுப்பதும் இதே ஈரமும் கடற்காற்றின் உப்பும்தான்.

பெட்டியைத் தொட்டால் 'சுரீர்' என்கிறதா? ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு தேய்த்துவிடுவோர் நம்மில் உண்டு. செருப்பு மின்கசிவை நிறுத்திவிடாது. மூன்று முனை பிளக்கில் தடித்த முனைதான் எர்த். அதில் சேரும் பச்சை ஒயர் அல்லது பச்சை மஞ்சள் ஒயர் அறுந்திருந்தால், கசியும் மின்சாரம் நம் உடல் வழியாகத்தான் தரைக்குப் போகும். பல்பு ஹோல்டரிலிருந்து இழுக்கும் இணைப்பில் எர்த்தே கிடையாது. எலக்ட்ரீஷியனிடம் காட்டும்வரை அந்தப் பெட்டியைத் தொடவேண்டாம். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பொருத்திய வீடுகளில் கசிவு கண்டதும் மின்சாரம் தானே நின்றுவிடும்.

இனிச் சுத்தம் செய்வது. பிளக்கைப் பிடுங்கி, பெட்டி நன்றாக ஆறிய பிறகே கை வைக்கவும். கருகிய கஞ்சிக் கறைக்குச் சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்து மென்துணியால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, உலரவிடுங்கள். இது வெறும் உலோகத் தகட்டுக்கு மட்டும். நான்ஸ்டிக் பூச்சு உள்ளதற்குச் சோப்புநீரில் நனைத்துப் பிழிந்த துணி போதும். உப்புத்தாள் பட்டால் பூச்சு போயிற்று! நைலான் உருகி ஒட்டியிருந்தால், லேசாகச் சூடாக்கி, பிளக்கை எடுத்துவிட்டு, மரக்குச்சியால் வழித்தெடுக்கலாம். கத்தி வேண்டாம்.

நீராவிப் பெட்டிக்குக் கடலோரக் கிணற்று நீர் ஆகாது; துளைகளில் உப்புப் படிந்து அடைத்துக்கொள்ளும். வடிகட்டிய சுத்தமான மழைநீர் நல்லது, அதற்குத்தான் இங்கே பஞ்சமில்லையே! வேலை முடிந்ததும் மிச்ச நீரைக் கொட்டிவிடுங்கள். சூடு ஆறுமுன் ஒயரைப் பெட்டியில் சுற்றவேண்டாம்.

மின்சாரம் போனால் சிரட்டைக் கரி போட்ட பழைய பெட்டியை எடுக்கிறோம். சாரலுக்குப் பயந்து சன்னலை மூடிக்கொண்டு தேய்ப்பதுதான் ஆபத்து. கரிப்புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. தலைவலியும் மயக்கமும் வந்தால் உடனே வெளிக்காற்றுக்கு வந்துவிடவேண்டும். கரிப்பெட்டியைத் திண்ணையிலோ தாழ்வாரத்திலோ வைத்துத் தேய்ப்பதே முறை. ஆறியபின் சாம்பலை முழுக்கக் கொட்டுங்கள். ஈரம் இழுத்த சாம்பல் இரும்பை அரித்துவிடும். அடித்தகட்டில் தேங்காய் எண்ணெயை மெல்லியதாகத் தடவி வைத்து, அடுத்த முறை துடைத்துவிட்டு, முதலில் ஒரு பழந்துணியில் ஓட்டிப் பார்த்துவிட்டு வெள்ளைச் சட்டைக்குப் போங்கள்.