தொட்டியில் முளைத்த வேண்டாத விருந்தாளி

கேள்வி: வீட்டுப் பவளப்பாறைத் தொட்டியில் பழுப்பு நிறக் குட்டிக் கடல் சாமந்திகள் பெருகிவிட்டன. சுரண்டி எடுத்துவிடலாமா?

பதில்: கத்தியைத் தொடவே தொடாதீர்கள்! அது ஐப்டேசியா. பாறையில் அதன் அடிப்பாதத் துணுக்கு மிஞ்சினாலும் புதிதாக முளைக்கும்; பக்கத்துப் பவளத்தையும் கொட்டும்.

ஒன்றிரண்டுதான் என்றால் கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது சுண்ணாம்பு, போதும். (வெற்றிலைச் சுண்ணாம்பு வேண்டாம், தூய தூள்.) கூழாகக் குழைத்து, மோட்டாரை நிறுத்திவிட்டு, சிரிஞ்சால் அதன் வாய்மேல் மெல்ல விடுங்கள். ஒரே நாளில் நிறைய விட்டால் நீரின் பிஎச் எகிறிவிடும்.

கூட்டமாக இருந்தால் பெப்பர்மின்ட் இறால் விடலாம். ஆனால் அந்தப் பெயரில் ஒட்டக இறாலைத் தலையில் கட்டிவிடுவதுண்டு; அது பவளத்தையே கொறிக்கும். என் ஓட்டு பெர்கியா என்ற ஓடில்லாக் கடல் நத்தைக்குத்தான். ஐப்டேசியா தவிர வேறெதையும் தின்னாது. தீர்ந்ததும் பட்டினி கிடக்கும். தேவைப்படும் நண்பருக்குக் கொடுத்துவிடுங்கள்.