கூலியும் கிருபையும்

உலகியல் முழுவதும் கணக்கின்மேல் நிற்பது. உழைத்தவனுக்குக் கூலி, படித்தவனுக்குத் தேர்ச்சி, பிழைசெய்தவனுக்குத் தண்டம் என்பது நாம் நாடோறும் காணும் முறைமை. இது தவறுமாயின் அநீதி என்று கூவுகின்றோம். மாணவராகிய நம்மிடத்தோ இவ்வெண்ணம் பின்னும் ஆழப் பதிந்துள்ளது. தேர்விற் பெறும் எண்களைக்கொண்டே ஒருவனுடைய தகுதியை அளந்து பழகியவர் நாம். ஆதலின், தகுதியில்லாதவனுக்குத் தேவன் இரட்சிப்பை இலவசமாக அருளுகின்றார் என்னும் உபதேசம் நம் செவிக்குப் பழக்கமாயிருப்பினும், மனத்துக்கு அந்நியமாகவே இருந்துவருகின்றது. அதன் பொருளைச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கிருபை என்பது இரக்கம், அருள் என்னும் பொருள்பட வழங்கும் வடசொல். புதிய ஏற்பாட்டின் மூலமொழியாகிய கிரேக்கத்தில் இதற்கு நேரான சொல் 'கரிஸ்' என்பது. நன்கொடை, நன்றி என்னும் பொருள்களும் அச்சொல்லுக்கு உண்டு. அப்போஸ்தலனாகிய பவுல் உரோமருக்கு எழுதிய நிருபத்தின் நான்காம் அதிகாரத்தில் இதனைக் கூலிக்கு எதிராக நிறுத்துகின்றார். வேலை செய்தவன் பெறுவது அவனுக்குரிய கடன். அதனைக் கொடுப்பவன் கொடையாளி அல்லன், கடன் தீர்ப்பவனே. கேட்பதற்கு எவ்வுரிமையும் இல்லாதவன் பெறுவதே கிருபை. அணுவளவு கூலி கலப்பினும் அது கிருபையாகாது என்பது அவர் கருத்து.

இது பவுல் ஏட்டிற் கற்ற பாடமன்று. ஸ்தேவான் கல்லெறியுண்டு மடிந்தபொழுது, கொன்றவர்களுடைய வஸ்திரங்களுக்குக் காவலாக நின்றவர் அவர். தமஸ்குவுக்கு அவர் சென்றது கிறிஸ்துவைத் தேடியன்று. கிறிஸ்துவின் அடியாரைக் கட்டிக் கொணரவே. அவ்வழியிலேயே அவர் மறிக்கப்பட்டார். தமிழிலக்கியம் பயில்வார்க்குத் 'தடுத்தாட்கொள்ளல்' என்னும் தொடர் புதிதன்று. இந்நிகழ்ச்சிக்கு அதனினும் பொருத்தமான தொடரை யான் அறியேன். தேவன் ஒருவராலும் ஏவப்படாமல், தம் சித்தத்தாலேயே முற்பட்டு வருகின்றார். கிருபையை அவருடைய இறைமையோடு சேர்த்துப் பேசுவது இதுபற்றியே.

ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதுகுறித்துப் பெருவாதம் எழுந்தது. பிரித்தானிய நாட்டினராகிய பெலாகியு என்னும் துறவி, உரோமை நகரத்துக் கிறிஸ்தவரின் ஒழுக்கத் தளர்ச்சியைக் கண்டு வருந்தினார். தேவன் கட்டளையிட்டதைச் செய்யும் ஆற்றல் மனிதனிடத்து இயல்பாகவே உண்டு, முயன்றாற் பாவமின்றி வாழலாம் என்று போதித்தார். அவர் நோக்கம் இகழத்தக்கதன்று. ஆயினும், வட ஆப்பிரிக்காவிலே இப்போ நகரத்து அத்தியட்சராயிருந்த அகுஸ்தீன் (354–430) அதனை மறுத்தார். இளமையிலே பசியின்றி, தீமை செய்யும் இன்பத்தின்பொருட்டே அயலார் மரத்துப் பேரிக்காய்களைத் திருடியதைத் தாமே எழுதிவைத்தவர் அவர். நல்லது இன்னதென்று அறிந்தும் அதனைச் செய்யமாட்டாது பல்லாண்டு தவித்து, 387-ஆம் ஆண்டில் ஞானஸ்நானம் பெற்றார். முடவனை நோக்கி 'ஓடு' என்று கட்டளையிடுவதனால் அவன் கால் நேராகாது. மனிதனுடைய சித்தமோ முடம்பட்டது. அகுஸ்தீன் கொள்கையின் சாரம் இதுவே. 418-ஆம் ஆண்டு கார்த்தேஜ் நகரிற் கூடிய சங்கம் பெலாகியுவின் போதகத்தைத் தள்ளிற்று. 529-ஆம் ஆண்டு ஆரஞ்சு நகரிற் கூடிய சங்கம், விசுவாசத்தின் தொடக்கமும் கிருபையினாலேயே உண்டாவது என்று உறுதிசெய்தது.

இவ்வகை ஆராய்ச்சி தமிழ்நாட்டார்க்கும் புதிதன்று. வைணவருள் வடகலையார் தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியையும், தென்கலையார் தாய் தானே கவ்விச் செல்லும் பூனைக்குட்டியையும் உவமை காட்டுவர். சமயம் வேறாயினும் வினா அணித்தானதே: பற்றுவது யார் செயல்? அவ்வைணவ மரபிலே 1827-ஆம் ஆண்டு பிறந்து, 1858-ஆம் ஆண்டு ஞானஸ்நானம் பெற்றவர் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை. ஆங்கில ஆசிரியர் ஜான் பனியன் 1678-ஆம் ஆண்டு வெளியிட்ட பிரயாணக் கதையைத் தழுவி, 'இரட்சணிய யாத்திரிகம்' என்னும் காப்பியத்தை 1894-ஆம் ஆண்டில் நமக்கு அளித்தவர் அவரே. பனியனுடைய கதையிலே பிரயாணி முதுகிற் சுமையோடு புறப்படுகின்றான். நியாயப்பிரமாணத்தின் துணையால் அதனை இறக்கலாம் என்று உலகஞானி ஒருவன் காட்டிய வழியே சென்று, அங்குள்ள மலை தன்மேற் சரியும் போலிருக்கக் கண்டு நடுங்கி நிற்கின்றான். பின்னர்ச் சிலுவையைக் கண்ட இடத்திலே சுமை தானே கழன்று உருண்டு, கல்லறைக்குள் வீழ்ந்து மறைகின்றது. கட்டை அவிழ்த்தது அவன் கையன்று.

நிற்க. இவ்வுபதேசம் யாருக்கு இடறலாகின்றது? திராட்சத்தோட்டத்து உவமையை நோக்குவோம். விடியற்காலத்தில் வந்தவரும், பதினோராம் மணி வேளையில் வந்தவரும் ஒரே கூலி பெற்றனர். முறுமுறுத்தவர் கடைசியில் வந்தவரல்லர். நாள் முழுதும் வெயில் தாங்கியவரே. இதனைச் சிறுவயது முதற் கேட்டிருந்தும் யான் உணர்ந்தது சென்ற கோடை விடுமுறையிலேதான்.

எங்கள் ஊரிலே குடியினாற் குடும்பத்தைக் கெடுத்த ஒருவர், மரணப்படுக்கையில் மனந்திரும்பினார். போதகர் அவருக்குத் திருவிருந்து அளித்தார். அடக்க ஆராதனையில் அவரை மீட்கப்பட்டவர் என்றே கூறினார். ஆண்டுக்கணக்காக அவரிடம் அடியுண்டு, களையெடுத்துப் பிள்ளைகளை வளர்த்த மனைவியார் அருகே நின்றார். எனக்குச் சினம் மூண்டது. வீடு திரும்பியதும் என் பாட்டியாரிடம், "இது நியாயமா?" என்று கேட்டேன். அவர் நெடுநேரம் பேசாதிருந்து, "நீ எத்தனை மணிக்கு வேலைக்கு வந்தாய், தம்பி?" என்றார். யான் விடை கூறவில்லை. கேட்குமுன்னரே என்னை விடியற்காலத்துக் கூலியாளாக எண்ணியிருந்தேன் என்பதை அப்பொழுதுதான் கண்டேன்.

கிருபை அம்மனிதர் செய்த தீங்கைச் சிறிதென்று சொல்லவில்லை. அது சிறிதாயின் சிலுவை வேண்டுவதில்லை. அவராலும் என்னாலும் தீர்க்கமுடியாத கடனைத் தீர்த்தவர் வேறொருவர் என்றே அது சொல்லுகின்றது. இதனால் தீயவனுடைய நம்பிக்கையின்மையும் நல்லவனுடைய செருக்கும் ஒருங்கே வீழ்கின்றன. முன்னதை விடுதல் எளிது. பின்னதை விடுதலே அரிது.

இனி, இரு தடைகளுக்கு விடை காண்போம். இரட்சிப்பு இலவசமாயின் முயற்சி வீணன்றோ எனின், அன்று. கிருபை பெற்ற பவுலே அப்போஸ்தலர் அனைவரினும் மிகுதியாக உழைத்தவர்; அவ்வுழைப்பையும் அவர் கிருபையின் கணக்கிலேயே எழுதினார். நற்செய்கை மரத்தின் கனி, வேரன்று. ஒருவனை ஆட்கொண்ட தேவன் மற்றொருவனை விட்டது ஏன் எனின், இதில் ஆன்றோரும் வேறுபடுகின்றனர். பதினாறாம் நூற்றாண்டிலே கல்வின் முன்குறித்தல் என்னும் உபதேசத்தை வற்புறுத்தினார். ஜான் உவெஸ்லி (1703–1791) கிருபை எல்லார்க்கும் முன்வந்து நிற்பது என்று கூறி அதனை மறுத்தார். ஆயினும் இரட்சிப்பு மனிதன் சம்பாதித்த பொருளன்று என்பதில் இருவரும் ஒருமனப்பட்டவரே.

தேர்வும் எண்ணும் நமக்கு வேண்டியனவே. கல்லூரி அவையின்றி நடவாது. ஆயின் அவ்வளவுகோலைக் கொண்டு தேவனுடைய வீட்டு வாயிலில் நிற்றல் தகாது. இக்காலத்தில் யாரையேனும் தகுதியற்றவர் என்று சொல்ல என் நா எழும்போதெல்லாம், பாட்டியாருடைய வினா முன்வந்து நிற்கின்றது. அதற்கு யான் இன்னும் விடை கூறவில்லை.