பழைய டர்போ டீசல் பிக்கப் வண்டியைப் பேணும் முறை

வானூர் வட்டாரத்திலிருந்து மணிலா மூட்டை, காய்கறி, சவுக்குக் கட்டை ஏற்றிக்கொண்டு புதுவைக்கு வரும் பிக்கப் வண்டிகள் பலவும் கோரிமேட்டு டீசல் பங்கில் ஒருமுறை நிற்பது வழக்கம். புதுவையில் வரி குறைவாதலால் டீசல் விலை சற்று மலிவு. திண்டிவனம் சாலையில் பாரத்துடன் விரைந்து வந்த வண்டி, பங்கில் நின்றதும் நிற்காததுமாகச் சாவி திருப்பி அணைக்கப்படுகிறது. பழைய டர்போ வண்டிகளின் ஆயுளை இப்பழக்கம் வெகுவாகக் குறைத்துவிடும் என்பது உழவர்கள் பலருக்குத் தெரிவதில்லை.

டர்போ என்பது எஞ்சினின் வெளியேறும் புகையால் சுழலும் ஒரு சிறு காற்றாடி. அதே தண்டின் மறுமுனையிலுள்ள இன்னொரு காற்றாடி, காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் அனுப்புகிறது. சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் ஆல்பிரட் பியூக்கி 1905-ல் காப்புரிமை பெற்ற முறை இது. பாரத்தில் ஓடும்போது இத்தண்டு நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் சுழலும். புகைப் பக்கமோ 600 டிகிரிக்கு மேல் சூடேறும். இத்தண்டைத் தாங்கி நிற்பதும் குளிர்விப்பதும் எஞ்சின் ஆயில்தான். எஞ்சினை அணைத்தவுடன் ஆயில் வரத்து நின்றுவிடுகிறது. தண்டோ சுழன்றுகொண்டும் கொதித்துக்கொண்டும் இருக்கிறது. தங்கிய ஆயில் கரியாகக் கருகி, நாளடைவில் ஆயில் துவாரத்தையே அடைத்துவிடும். ஆதலால் பாரத்துடன் ஓடிவந்த வண்டியைப் பங்கு வருவதற்குமுன் சிறிது தூரம் மெதுவாக ஓட்டி, சாலையோரத்தில் ஓரிரு நிமிடம் ஐடிலில் விட்டு அணைக்க வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் அரை நிமிடம் ஆக்சிலேட்டரை மிதியாதிருத்தல் நலம்.

ஆயிலைக் கையேட்டில் கண்ட தரத்தில் மட்டுமே ஊற்ற வேண்டும். தூசி மிகுந்த சாலையிலும், குறுகிய தூரம் அடிக்கடி போய்வரும் வேலையிலும் ஆயில் விரைவில் கெடும். ஆகவே குறித்த கிலோமீட்டருக்கு முன்பே மாற்றுவது சிக்கனமே. ஆயிலுக்கு மிச்சம் பிடித்து டர்போவுக்குச் செலவழிப்பவர்கள் அநேகர்.

இப்பகுதியின் செம்மண் புழுதி டர்போவுக்கு இரண்டாவது எதிரி. ஏர் பில்டரைத் தரையில் தட்டுவதும், காகித பில்டரைத் தண்ணீரில் கழுவுவதும் கூடாது. பில்டருக்கும் டர்போவுக்கும் இடையிலுள்ள ரப்பர் ஹோசில் ஒரு சிறு வெடிப்பு இருந்தாலும் புழுதி நேரே உள்ளே சென்று காற்றாடி இதழ்களை அரித்துவிடும். டர்போவுக்கு அப்பாலுள்ள ஹோசில் கசிவு இருந்தால் வண்டி இழுவை குறைந்து கரும்புகை தள்ளும். எஞ்சின் ஓடும்போது இணைப்புகளில் சோப்பு நீர் தடவினால், ஆக்சிலேட்டரைக் கூட்டும்போது குமிழி எழும் இடத்தைக் கண்டுகொள்ளலாம். பம்பையும் இன்ஜெக்டரையும் கழற்றுமுன் இதைப் பார்த்துவிட வேண்டும்.

மலிவு கருதி டீசலை வாங்கிப் பீப்பாயில் வைத்திருப்போர், அதில் நீர் சேரும் என்பதை மறத்தலாகாது. டீசல் பில்டரின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி நீரை அவ்வப்போது வடிக்க வேண்டும். 2020 ஏப்ரல் முதல் வரும் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குதான். இதனால் பழைய பம்பு தேயும் என்று கூறி டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலக்கச் சொல்வோர் உண்டு. அது தேவையில்லை, மசகுத் தன்மைக்கும் தர நிர்ணயத்தில் அளவு வகுக்கப்பட்டுள்ளது. மண்ணெண்ணெய் கலந்தால்தான் பம்பு தேயும்.

இனி, மாற்றங்கள். பம்பின் திருகைக் கூட்டி இழுவை ஏற்றித் தருவதாகப் பட்டறைகளில் சொல்வதுண்டு. டீசல் கூடி, காற்று கூடாவிட்டால் கரும்புகை வரும். புகையின் வெப்பம் ஏறி பிஸ்டன் உருகவும் கூடும். லீப் ஸ்பிரிங்கில் இரண்டு பட்டை கூட்டினால் பாரம் தாங்கும் என்பதும் பாதி உண்மையே. பட்டை கூடுகிறது, பிரேக் கூடுவதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவுப்படி தயாரிப்பாளரின் அமைப்புக்கு மாறாகத் திருத்தக் கூடாது. 2019 திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். நல்ல டயர், புதிய பிரேக் லைனிங், சுத்தமான ரேடியேட்டர் இவற்றில் போடும் பணமே உண்மையில் பயன் தரும்.

நீலப்புகை கண்டால் தாமதிக்கலாகாது. டர்போ சீல் போய் ஆயில் உள்ளே கசிவதாக இருக்கலாம். கசிவு மிகுந்தால் எஞ்சின் தன் ஆயிலையே எரித்து, சாவியை அணைத்தும் நிற்காமல் வேகமெடுக்கும். அப்போது பிரேக்கை முழுதும் மிதித்து, உயர்ந்த கியரில் போட்டுக் கிளட்சை விட்டு எஞ்சினை அடக்க வேண்டும். காற்று வரும் வாயைப் பலகையால் அடைத்தும் நிறுத்தலாம். கையை வைக்கக் கூடாது. எஞ்சின் உச்ச வேகத்தில் அலறினால் அருகில் நிற்காமல் விலகுவதே மேல்.

புது டர்போ பொருத்தும்போது பழைய ஆயில் குழாயை மாற்ற வேண்டும். இன்டர்கூலரில் தேங்கிய ஆயிலையும் உடைந்த துணுக்குகளையும் முற்றிலும் கழுவ வேண்டும். ஆயில் துவாரத்தில் கைப்பட ஆயில் ஊற்றி நிரப்பிய பிறகே முதல் ஸ்டார்ட். பல புது டர்போக்கள் கெடுவது இந்த ஐந்து நிமிட வேலையை விட்டுவிடுவதால்தான்.