நெல் காயும் சாலையில் பைக்

அறுவடை நாட்களில் வந்தவாசியைச் சுற்றியுள்ள கிராமச் சாலைகளில் பாதி அகலத்துக்கு நெல் காயும். அதன்மேல் பிரேக் பிடித்தால் மணலில் போவதுபோல் சக்கரம் வழுக்கும். தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, வண்டியைச் சாய்க்காமல், பிரேக்கைத் தொடாமல் கடப்பதே நல்லது.

மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஒரு நொடிக்குள் வண்டி கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிவிடும். ஆபத்தைக் கண்டு கை பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே அந்தத் தூரம் தீர்ந்துபோகும். முன்னே போகும் பஸ் ஒரு புளியமரத்தைக் கடந்ததும் ‘ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு’ என்று எண்ணிப் பார்க்கலாம். முடிப்பதற்குள் மரம் வந்துவிட்டால் இடைவெளி போதாது. மழையில் நான்கு வரை எண்ண வேண்டும்.

பின் பிரேக்கை மட்டுமே நம்புவது நம் ஊர்க்காரர்களின் பழைய பழக்கம். பிரேக் பிடித்ததும் எடை முன்சக்கரத்துக்குப் போவதால், வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் பிரேக்குக்குத்தான். அதை வெடுக்கென்று பிடிக்காமல், ஈரத்துணியைப் பிழிவதுபோலச் சீராக இறுக்க வேண்டும். 125 சி.சி.க்கு மேற்பட்ட புது பைக்குகளில் 2019 ஏப்ரல் முதல், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயம். அது இல்லாத பழைய வண்டிக்காரர்கள் காலி மைதானத்தில், ஹெல்மெட்டோடு, 20 கி.மீ. வேகத்தில் பழக ஆரம்பிக்கலாம்.

கோரைப்பாய்க் கட்டு ஏற்றினால் வண்டியின் அகலமே வேறு. முந்தும்போது ஹேண்டில்பாரை மட்டும் கணக்கில் வைத்தால் கட்டு எங்காவது இடிக்கும்.

அடிபட்டால் 108. பக்கத்து மேல்மருவத்தூரில் 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கிய ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை, அதற்கான வரம்புக்குள், அரசே ஏற்கிறது. திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளுக்கும் இது பொருந்தும்.